டேங்க் மெய்க்கீர்த்தி

பாண்டிய மன்னர்கள் தங்கள் கல்வெட்டுகளின் தலையில் மெய்க்கீர்த்தி பொறித்தார்கள். எந்த நாட்டை வென்றார்கள், எந்தக் கோட்டையை இடித்தார்கள், யாருடைய முடியைப் பறித்தார்கள் என்று வரிசையாகச் சொல்லி முடித்த பிறகே நிலக்கொடைக்கோ விளக்குக்கோ வருவார்கள். அந்த மரியாதைக்கு முழுத் தகுதி உள்ள ஒரு சொல் மதுரையில் எங்கள் செல்லூரை ஆண்டுகொண்டிருக்கிறது. டேங்க்.

ஊருணியை வென்றது. ஏந்தலை வென்றது. ஏரி, குளம், குட்டை, தெப்பம் என்று ஒவ்வொன்றாக வென்று கடைசியில் கண்மாயையும் வென்றது. போர் நடந்த தடயமே கிடையாது. சர்க்கார் பதிவேட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லை எழுதியதோடு வெற்றி முடிந்தது. ஆங்கில நாளிதழைப் பிரித்தால் செல்லூர் கண்மாய் ஒரு டேங்க். மாடக்குளம் கண்மாய் ஒரு டேங்க். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் டேங்க். மொட்டை மாடியில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் சின்டெக்ஸ் டேங்க், வாசலுக்கு அடியில் சிமெண்ட் மூடி போட்டுக் கிடக்கும் செப்டிக் டேங்க், பைக்கின் பெட்ரோல் டேங்க் எல்லாம் அதே குடைக்கீழ். இத்தனை வேறுபட்ட குடிமக்களைச் சமமாக நடத்திய அரசு மதுரை வரலாற்றில் வேறு இல்லை.

இந்தச் சொல் வருவதற்கு முன் நம் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமா? ஊருணி என்று பெயர் வைத்துவிட்டால் அது குடிக்கிற தண்ணீர். அதில் துணி அலசக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது, கால் நனைத்தால் கூட ஊரில் கேள்வி வரும். குட்டை மாட்டுக்கு. தெப்பம் சாமிக்கு. கண்மாய் வயலுக்கு. ஏந்தல் என்றால் மேட்டிலிருந்து வழிந்துவரும் மழையை ஏந்தி வைக்கும் சின்ன நீர்நிலை. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று ஒரு சட்டமும் கூடவே வந்து நிற்கும். டேங்க் அந்தச் சுமையை நம் தோளிலிருந்து இறக்கி வைத்தது. டேங்கில் தண்ணீர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாக்கடை இருந்தாலும் அது டேங்க்தான்.

இதன் பிறப்பு வரலாறும் பெருமைக்குரியது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இந்தச் சொல்லுக்கு ஒரு பதிவு உண்டு. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், காவிரிப் பாசனத்தைக் கண்ணால் பார்த்தவர். குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடித் தொட்டிக்கு வழங்கிய ஒரு சொல் ஒரு பக்கம். போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்த தாங்க்கெ இன்னொரு பக்கம். இரண்டும் ஒலியிலும் பொருளிலும் நெருங்கியவை. மேற்குக் கரையில் சந்தித்துக்கொண்ட இரண்டும் சேர்ந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போயின. அந்தத் தாங்க்கெ பிறந்தது எஸ்தாங்கார் என்ற வினையிலிருந்து. ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவது என்று அதற்குப் பொருள். வேரிலேயே நிறுத்தல் இருக்கிறது, ஓடவிடுவது அதில் இல்லை. செல்லூரில் இன்று போய்ப் பார்த்தால் அந்த வேர்ப்பொருள் சிதையாமல் காப்பாற்றப்பட்டிருப்பது தெரியும். ஐந்து நூற்றாண்டாக ஒரு சொல்லுக்கு இவ்வளவு உண்மையாக நடந்துகொண்ட ஊர் லிஸ்பனில் கூட இருக்காது.

முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் லிங்கன் நகரில் இரும்புக் கவசம் போட்ட ஒரு வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். பார்ப்பவர்கள் கேட்டால் தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அந்தத் தண்ணீர்த் தொட்டி உருண்டு வந்தபோது பெயர் நிலைத்துவிட்டது. நாம் அதற்கு டாங்கி என்று ஒரு தமிழ் வடிவம் கொடுத்து விலக்கி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. ஆவடிக்காரர் ஆங்கிலத்தில் டேங்க் என்றால் பருத்திப்பட்டு ஏரியைச் சொல்கிறாரா, கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யும் அர்ஜுனைச் சொல்கிறாரா என்று அடுத்த வாக்கியம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சொல்லைக் கொடுத்த போர்த்துக்கீசியரின் நிலைமை பரிதாபமானது. டேங்க் என்று ஒரு ஆங்கிலப் பக்கத்தில் வந்தால் அதை அவர்கள் மொழியில் எழுத ஒரு சொல் போதவில்லை. கார் பெட்ரோல் டேங்க் என்றால் போர்ச்சுகலில் தெபோசிதோ, பிரேசிலில் தாங்க்கெ. வீட்டின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்றால் பிரேசில்காரர் நீர்ப்பெட்டி என்று பொருள்படும் காய்ஷா தாகுவா என்கிறார். தாங்க்கெ என்று எழுதினால் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் சிமெண்ட் தொட்டி நினைவுக்கு வந்துவிடும். மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி அக்வாரியோ. மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டி சிஸ்தெர்னா. போர் வண்டியைப் போர்ச்சுகல் ராணுவம் காரு தெ கொம்பாத்தெ என்று எழுதும். அணைக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் பெரிய நீர்ப்பரப்பு போர்ச்சுகலில் அல்புஃபெய்ரா, அரபு மொழியில் கடலைக் குறிக்கும் சொல்லின் வழியாக வந்தது. கரை போட்டு மழையைத் தேக்கிய நீர்நிலை பிரேசிலின் வடகிழக்கில் அசூதே. அதுவும் அரபுதான். ஆக, மொழிபெயர்ப்பாளர் பேனாவை எடுக்கும் முன் கேட்டாக வேண்டும்: இந்த டேங்க் எங்கே இருக்கிறது? தண்ணீர் எப்படி வருகிறது? யாருக்குப் போகிறது? பாவம், பதில் கிடைக்கும்வரை அவரால் ஒரு வரி நகர முடியாது. நம் குமாஸ்தாக்களுக்கு அந்தக் கஷ்டத்தை யாரும் கொடுத்ததில்லை. கேட்காமலே எழுதினார்கள், எழுதியது செல்லுபடி ஆயிற்று.

அசூதே என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறேன், ஏனென்றால் அது நம் கண்மாய்க்கு உடன்பிறப்பு. பிரேசிலின் சியாரா மாநிலம் நம் ராமநாதபுரம் சீமையைப் போல வானம் பார்த்த பூமி. 1877 முதல் 1879 வரை அங்கே ஒரு கொடும் பஞ்சம். அதே காலத்தில்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. பசிபிக் பெருங்கடல் வெப்பமடைந்து உலகெங்கும் மழையைக் கலைத்துப்போட்ட ஆண்டுகள் அவை. பஞ்சத்துக்குப் பிறகு சியாராவின் கிஷதா ஊரில் செத்ரோ அசூதே கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். இன்றும் அதை அசூதே என்றுதான் சொல்கிறார்கள், ஆங்கிலத்துக்காகப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. சென்னை மாகாணத்தில் பஞ்சத்துக்குப் பிறகு 1883இல் டேங்க் ரெஸ்டோரேஷன் ஸ்கீம் என்ற பெயரில் கண்மாய், ஏரிகளை அளந்து செப்பனிடும் வேலை தொடங்கியது.

இந்த இடத்தில் வெள்ளைக்கார எஞ்சினியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் டேங்க் என்றுதான் எழுதினார். ஆனால் ஒவ்வொரு டேங்குக்கும் மெமோயர் என்று ஒரு குறிப்பேடு போட்டார். நீர்ப்பிடிப்பு எவ்வளவு, வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை மடை, மடையின் அடிமட்டம் எவ்வளவு, உபரிநீர் வழியும் கழுங்கு எத்தனை அடி நீளம், மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று எழுதி வைத்தார். வரி வசூல்தான் அவர் நோக்கம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஒட்டுமொத்தமான அந்தச் சொல்லால் அடிபட்டதையெல்லாம் அவர் குறிப்பேட்டில் காப்பாற்றினார். நமக்குச் சுதந்திரம் வந்தது. சொல்லும் குறிப்பேடும் இரண்டுமே சொத்தாக வந்தன. அவற்றில் எது நமக்குத் தேவை என்று சரியாகத் தேர்ந்தெடுத்தோம். சொல்லை வைத்துக்கொண்டோம்.

எதை விட்டோம் என்பதைக் கிட்டப்போய்ச் சொல்கிறேன். வைகை வடகரையிலும் தென்கரையிலும் பழைய கண்மாய்க்குள் இறங்கினால், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உள்வாயில் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். குமிழித் தூம்பு என்று அதற்குப் பெயர். தூண்களுக்கு இடையே குறுக்குக் கல், அதன் நடுத்துளையில் மேலும் கீழும் ஏறி இறங்கும் தண்டு, தண்டின் முனையில் ஒரு கல் மூடி. மூடியைத் தூக்கினால் அடியிலிருக்கும் கல்தொட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கரைக்கு அடியில் புதைத்த சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். இதில் இரண்டு வகைத் துளை. மேலே இருப்பது நீரோடி, கீழே இருப்பது சேறோடி. தெளிந்த நீர் மேல் துளையில் போக, அடியில் படியும் வண்டல் கீழ்த் துளையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வெளியேறும். வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர் குறைவு. இயந்திரம் இல்லை, கரண்ட் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல் செதுக்கியவருக்குத் தெரிந்திருக்கிறது: தண்ணீரைத் தேக்குகிறவன் சேற்றையும் போகவிட வேண்டும்.

மடையைத் திறக்கவும் மூடவும் ஒரு ஆள் உண்டு. சில ஊரில் நீர்ப்பாய்ச்சி, சில ஊரில் மடைக்குடும்பர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவருக்குத்தான் கணக்கு. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது அவருக்கு ஒரு பங்கு. கண்மாய் நிறைந்தால் கழுங்கு வழியாக மறுகால் பாயும். மறுகால் வீணாகிற தண்ணீர் ஆகாது, அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அதுதான் வரத்து. அங்கே நிறைந்தால் அதற்கடுத்த ஊர். கம்மாய் பெருகி மறுகால் போகுது என்று ஒருவர் வந்து சொன்னால் கீழ் ஊரில் ஏரைப் பூட்டுவார்கள். ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்டே வந்து கடைசிக் கண்மாயின் மிச்சம் ஆற்றிலோ கடலிலோ சேரும். நூறு ஊருக்கு நடுவில் ஒரே தண்ணீர். தமிழ்நாட்டில் 39,000க்கு மேல் இப்படிப்பட்ட நீர்நிலைகள் கணக்கில் உள்ளன. அதில் ஒன்றைத் தனியாகப் பிடுங்கி எண் போட்டு இது ஒரு டேங்க் என்று சொல்லும் துணிவு எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் இருந்ததில்லை.

புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் போய் நிலம் தாழ்ந்த இடத்திலெல்லாம் நீர்நிலை பெருக்கு, அப்படிச் செய்தவர் பெயர்தான் நிற்கும் என்றார். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919இலும் 921இலும் வெட்டியவை, ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஏரிவாரியம் என்று ஒரு குழு இருந்ததைச் சொல்கின்றன. ஆங்கில வரலாற்று நூலில் அது டேங்க் கமிட்டி. படிக்கிற பிள்ளைக்கு அது மொட்டை மாடியைக் கழுவும் குழு என்று தோன்றினாலும் நாம் குறை சொல்ல முடியாது.

இனி எங்கள் ஊர். செல்லூர் புதிதாக முளைத்த புறநகர் கிடையாது. இங்குள்ள திருவாப்புடையார் கோயில் சம்பந்தர் பாடிய தலம், திருஆப்பனூர். அதற்குப் பிறகு எவ்வளவோ காலம் கழித்துத் தறிகள் வந்தன. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வடக்கே மேட்டிலிருக்கும் கண்மாய்களின் மிச்சத் தண்ணீர் செல்லூர் கண்மாய்க்கு வரும். செல்லூர் நிறைந்தால் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போகும். மேலே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கீழே வாங்கிக்கொள்ள ஆறு இருக்கிறது. நடுவில் நாம் செய்ய வேண்டியது வழி விடுவது ஒன்றுதான்.

கண்மாயை நம்பியிருந்த வயல்கள் மனைகளாயின. வயல் இல்லை என்றால் கண்மாய் எதற்கு, மடை எதற்கு? வரத்துக்கால் ரோடு ஆனது, ரோட்டோரச் சாக்கடை வரத்துக்கால் ஆனது. கரையின் இரண்டு பக்கமும் வீடுகள் ஏறின. வாய்க்காலில் பிளாஸ்டிக் பை, பழைய மெத்தை, கட்டடக் கழிவு, வீட்டுக் கழிவுநீர். இப்போது அந்தச் சொல்லின் மேன்மையைப் பாருங்கள். கண்மாய்க்கும் டேங்க் என்று பெயர், கழிவறைக்கு அடியில் இருப்பதற்கும் டேங்க் என்று பெயர். ஒரே பெயருக்குள் இரண்டு பொருள் இருந்தால் குழப்பம்தானே? அந்தக் குழப்பத்தை எங்கள் காலத்தில் தீர்த்துவிட்டோம். இரண்டு பொருளையும் ஒரே பொருளாக்கினோம். அகராதிக்காரர்கள் செய்ய முடியாததை செல்லூர் செய்து காட்டியது.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. ஒரே நாளில் மதுரையில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மழை. அதில் நாலரை சென்டிமீட்டர் பிற்பகலில் கால் மணி நேரத்துக்குள் கொட்டியது. மேலே இருந்த கண்மாய்கள் தங்கள் பழைய வழக்கத்தை மறக்கவில்லை, நிறைந்ததும் மறுகால் விட்டன. தண்ணீர் பழைய பாதையைத் தேடிவந்தது, பாதையில் நாங்கள் இருந்தோம். கட்டபொம்மன் நகர், 50 அடி ரோடு, அதைச் சுற்றிய தெருக்கள் எல்லாம் இடுப்பளவு நின்றன. குழித்தறி வைத்திருக்கும் வீட்டில் தண்ணீர் முதலில் போகும் இடம் தறிக்குழி. நெசவாளி கால் வைத்து மிதிக்கும் பள்ளம் அது. மிதிகட்டை மூழ்கும், பிறகு விழுது, பிறகு பாவு. கஞ்சி போட்டு விறைப்பாக இழுத்துக் கட்டிய நூல் சாக்கடைத் தண்ணீரில் ஊறித் தொய்ந்து போனால் அந்தப் பாவு முழுக்க நஷ்டம். தண்ணீர் வடிந்த பிறகும் குழியில் மட்டும் நின்றது. வாளி வாளியாக இறைத்து ஊற்ற வெளியே இடமில்லை, தெருவிலும் அதே தண்ணீர். வீட்டுக்குள்ளேயே ஆளுக்கொரு டேங்க் கிடைத்த நாள் அது.

அதற்குப் பிறகு அரசு அசையாமல் இல்லை. செல்லூர் கண்மாயின் உபரிநீர் வைகைக்குப் போக 290 மீட்டர் நீளத்துக்குச் சிமெண்ட் கால்வாய், ஏறத்தாழ 12 கோடி ரூபாய் என்று முதலமைச்சர் அறிவித்தார். வேண்டிய வேலைதான், வரவேற்கிறேன். ஆனால் ஆவணத்தில் அது இருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மறுகால் என்று ஊரே பெயர் வைத்திருந்த ஒன்று, மூடி மறைத்த பிறகு, புதிய கண்டுபிடிப்பாகத் திரும்பி வருகிறது. 2025 மே மாதக் கடைசியில் முதலமைச்சர் மதுரைக்கு வந்தபோது அவர் போகும் பாதையில் பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தார்கள். செய்தி வெளியானதும் அவரே வாய்க்காலைப் பார்க்க வந்தார். துணி கட்டியவர்களை நான் திட்ட மாட்டேன். கண்மாய் என்ற பெயரைக் கொண்டு கண்மாயை மறைக்க முடியாது, அந்தப் பெயர் கேட்டவுடன் மடையும் மறுகாலும் கண்ணில் வந்து நிற்கும். டேங்க் என்ற பெயர் எத்தனையோ காலமாகச் செய்துவந்த வேலையைத் துணி ஒருநாள் செய்தது, அவ்வளவுதான்.

சட்டமும் அந்தச் சொல்லைக் கௌரவித்திருக்கிறது. 2007இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் ஆங்கிலப் பெயர் டேங்குகளைப் பாதுகாப்பதையும் ஆக்கிரமிப்பை அகற்றுவதையும் சொல்கிறது. பொதுப்பணித் துறை வசம் இருந்த டேங்குகளுக்கு அது பொருந்தும். ஊராட்சி ஒன்றியத்தின் கண்மாய், கோயில் குளம், ஊருணி எல்லாம் வேறு கணக்கு. பேச்சிலும் செய்தியிலும் எல்லாரையும் அணைத்துக்கொள்ளும் சொல், காப்பாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் கையைச் சுருக்கிக்கொண்டது.

ஆக்கிரமிப்பு என்றால் குடிசைதான் முதலில் நினைவுக்கு வருகிறது, அது நம் பழக்கம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. அது நிற்கும் இடம் உலகனேரிக் கண்மாய். மாநகராட்சியின் அண்ணா மாளிகை நிற்பது தல்லாகுளம் கண்மாய். ஊர்ப் பெயர்களைப் படித்தாலே வரைபடம் தெரிந்துவிடும்: தல்லாகுளம், சொக்கிகுளம், ஆத்திகுளம், பீ.பி.குளம், நாகனாகுளம். இத்தனை குளம் சூழ்ந்த ஊர் கோடையில் டேங்கர் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிறது. அந்த லாரிக்கும் டேங்க்தான் தாய்ப்பெயர். வாங்கியதையெல்லாம் விழுங்கிவிட்டு, கடைசியில் சக்கரம் கட்டிக்கொண்டு வீதிவீதியாக வந்து நமக்கு ஒரு குடம் ஊற்றுகிறதே, அந்த நன்றியுணர்ச்சி வேறு எந்தச் சொல்லுக்கு உண்டு?

தெருவில் ஒரு வீட்டில் கேட்ட பேச்சு இது. மாடியில் தொட்டி நிறைந்து தண்ணீர் கொட்டுகிறது. பேத்தி கீழிருந்து கத்தினாள்.

"அப்பத்தா, டேங்க் நிறைஞ்சிருச்சு. மோட்டாரை அமத்தவா?"

"அமத்து தாயி. நிறைஞ்சா மறுகா போறதுக்குக் குழா வச்சிருக்காகளா அதுக்கு?"

"ஓவர்ஃப்ளோ பைப்பா? இருக்கு அப்பத்தா. அது பக்கத்து வீட்டுச் சுவத்துல ஊத்துது."

"அப்ப அந்த வீட்டுக்காரவுககிட்ட கேட்டியா?"

அந்த அம்மாளுக்குப் பிறந்த ஊர் மேலூர்ப் பக்கம். ஐந்நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்தாலும் முதலில் வருகிற கேள்வி மறுகால் எங்கே, அது யாரைத் தொடும் என்பதுதான். அதே கேள்வியைச் செல்லூர் கண்மாய்க்குக் கேட்க மாநகராட்சி, நீர்வளத் துறை, வருவாய்த் துறை என்று மூன்று அலுவலகங்கள் இருக்கின்றன. மூன்றிலும் டேங்க் என்ற சொல் ஒரே மாதிரி எழுதப்படுகிறது. பரப்பு என்ன, எல்லைக்கல் எங்கே, தூர் வார மதிப்பீடு என்ன என்ற பத்திகள் எல்லாம் உண்டு.

வண்டியூர் கண்மாயில் இப்போது நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்கு, உட்கார இருக்கை எல்லாம் 50 கோடி ரூபாய்த் திட்டமாக வந்திருக்கிறது. காலையில் நடக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி, எனக்கும் அது பிடித்திருக்கிறது. கரை கலையாமல் இருக்கும், கண்மாயைக் கண்ணால் பார்க்கிற மக்கள் கூடுவார்கள். செல்லூருக்கும் ஒருநாள் அது வரும் என்று நம்புகிறேன். ஆனால் சுற்றிலும் கல் பாவி, விளிம்பு கட்டி, விளக்கு போட்டு, வரத்துக்காலும் மறுகாலும் இல்லாத ஒரு நீர்ப்பரப்பை நாம் கட்டி முடித்தால், டேங்க் தன் முழுவடிவத்தை அன்றைக்கு அடைந்துவிடும். பிறகு போர்த்துக்கீசிய மொழிபெயர்ப்பாளர் கூட தடுமாற வேண்டியதில்லை. அசூதே என்ற சொல்லைத் தேட மாட்டார். தாங்க்கெ என்றே எழுதிவிட்டுப் போவார்.

1883இல் தொடங்கிய அந்தக் குறிப்பேட்டின் முறையில் செல்லூருக்கு இன்று ஒரு பக்கம் எழுதினால் போதும். வரத்து: மேலே எந்தெந்தக் கண்மாய், எந்த வழியில், இப்போது அந்த வழியில் என்ன கட்டடம் நிற்கிறது. மடை: எங்கே புதைந்திருக்கிறது. கழுங்கு: எந்த மட்டம். மறுகால்: பந்தல்குடி வாய்க்கால், எத்தனை அடி அகலம் இருந்தது, எத்தனை அடி மிச்சம். அதைத் தமிழில் எழுதி, கண்மாய் என்று தலைப்பிட்டு, 50 அடி ரோட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் பலகையாக வைக்க வேண்டும். ஐப்பசிக்கு முன் வைத்தால் நல்லது. அந்த மாதம் மேலிருந்து தண்ணீர் கேட்காமலே வந்துவிடும்.